முதுகில் இரண்டு தட்டு

கடைத்தெரு முக்கில் இருக்கும் ரொட்டிக்கடையின் பெயர்ப் பலகை எப்போதோ வெளுத்துப் போய்விட்டது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. காலையில் அடுப்பைத் திறந்தால் வாசனையே தெருக்கோடி வரை போய் ஆளைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடும். கடைக்காரரை எல்லோரும் பன் மாஸ்டர் என்பார்கள். கனத்த உடம்பு. இடது கால் கொஞ்சம் இழுக்கும் என்பதால் நாள் முழுக்கக் கல்லாப் பெட்டியின் மேல் சாய்ந்தபடி நிற்பார். "இவரு கடையைத் தாங்குறாரா, கடை இவரைத் தாங்குதான்னு எனக்கே தெரியல" என்பது அவர் மனைவியின் தீராத சந்தேகம்.

மாஸ்டர் பட்டாளத்தில் இருந்தவர் என்பது ஊருக்குத் தெரியும். துப்பாக்கியைவிடக் கரண்டியைத்தான் அதிகம் பிடித்தேன் என்று அவரே சொல்லிவிடுவார். சண்டைக்காரர்களுக்கு ரொட்டி சுட்டுப் போட்ட சமையல்காரர். அவரை 'மூட்டை' என்று கூப்பிட இந்த ஊரில் ஒருவருக்குத்தான் உரிமை உண்டு. அவர் மேஜர்.

மேஜர் ஓய்வு பெற்று, மூன்று தெரு தள்ளி ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். மடக்கிய குடை மாதிரி நேரான மனிதர். நாட்டின் பெரிய வீரப் பதக்கம் வாங்கியவர். அந்தப் பதக்கத்தை இந்தத் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை. அதைப் பற்றிக் கேட்டால் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார். தினமும் இரண்டாவது ஈடு ரொட்டி அடுப்பிலிருந்து இறங்கும் நேரத்துக்குக் கடைக்கு வருவார். ஒரு ரொட்டி, ஒரு கோப்பைத் தேநீர், மாஸ்டரோடு அரைமணி நேர வம்பு. மாஸ்டருக்கு அந்த அரைமணிதான் நாள். மிச்சமெல்லாம் வியாபாரம்.

ஆனால் மாஸ்டரின் தொண்டையில் ஒரு சொல் பல வருடமாக மாட்டிக்கொண்டிருந்தது. "சார், அன்னைக்கு நீங்க…" என்று எத்தனையோ முறை ஆரம்பித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் மேஜர், ரொட்டியை இன்னும் முறுகலாக விட்டிருக்கலாம் என்று பேச்சை அடுப்புக்குள் தள்ளிவிடுவார். உயிரைக் காப்பாற்றியவருக்கு ஒரு நன்றி சொல்ல முடியவில்லை. தினமும் ரொட்டியைத்தான் சுற்றிக் கொடுக்க முடிந்தது.

இந்தச் சமயத்தில்தான் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை, பன் வாங்க வந்த இடத்தில் விஷயத்தைச் சொன்னார். பள்ளியில் மேஜருக்கு ஒரு பாராட்டுக் கூட்டம். பதக்கத்தோடு வந்த பாராட்டுரையைத் தான் வாசிப்பதாகச் சொல்லி, நேரில் இருந்தவர் என்ற முறையில் மாஸ்டர் பேச வேண்டும் என்று கேட்டார். மாஸ்டர் பன்னைப் பொட்டலம் கட்ட மறந்து, உடனே சரி என்றார்.

மறுநாள் மேஜர் தேநீரைத் தொடவில்லை.

"யோவ் மூட்டை, பிள்ளைங்க கூப்பிட்டாங்க, வந்து உக்காந்துட்டுப் போறேன். மேடையெல்லாம் ஏற மாட்டேன். நீ ஏறி நன்றி கின்றின்னு ஏதாவது உளறின, நாளையிலேருந்து எனக்கு எதிர்க்கடை."

எதிர்க்கடை ரொட்டியைக் கொண்டு சுவர் எழுப்பலாம். அதைத் தின்னக்கூடத் தயார் என்கிறார் என்றால் மனிதர் விளையாடவில்லை. மாஸ்டர் அன்று முழுக்க மாவோடு சண்டை போட்டார். பேசினால் காலை அரைமணி போகும். பேசாவிட்டால் இனி ஒரு சந்தர்ப்பம் வருமா? இருவருக்கும் ஆயுள் இறங்குமுகம்.

மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மேஜர் அண்ணன் முறை. அதனால் இரண்டு பேரையும் திட்டும் உரிமை தனக்கு உண்டு என்று நினைப்பவர்.

"அண்ணன் கோபம் ஒரு வாரம் தாங்கும். நீங்க முழுங்கி வெச்சிருக்கிற வார்த்தை எத்தனை வருஷமா ஜீரணமாகாம கிடக்கு? போய்ப் பேசுங்க. அதுக்கு முன்னாடி அந்தச் சட்டையை மாத்துங்க, ஒரே மாவு."

கூட்டத்தன்று பள்ளி மண்டபம் நிறைந்திருந்தது. மேஜர் முதல் வரிசை ஓரத்தில், முழங்கால்களைக் கைகளால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பல் பிடுங்கக் காத்திருப்பவர் போல முகம். தலைமையாசிரியை பாராட்டுரையை வாசித்தார். எதிரியின் இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால், திறந்த சரிவில், தன் தோளில் பட்ட காயத்தோடு மூன்று வீரர்களை ஒவ்வொருவராகச் சுமந்து மீட்டு, பிறகு தவழ்ந்து சென்று அந்தத் துப்பாக்கியையே வாயடைக்க வைத்தவர் என்று அதில் இருந்தது. கைதட்டினார்கள். மேஜர் கூரையில் ஓடிய மின்விசிறியைக் கவனித்தார்.

அடுத்து மாஸ்டர் காலை இழுத்துக்கொண்டு மேடையேறி ஒலிவாங்கியின் முன் நின்றார். அது ஒருமுறை கீச்சிட்டது. அவர் வீரத்தைப் பற்றிப் பேசவில்லை. மாவு மூட்டையைப் பற்றி ஆரம்பித்தார்.

சண்டை தொடங்குவதற்கு முன், முகாமில் ஒருநாள் மாவு வண்டி வந்து நின்றது; இறக்க ஆள் இல்லை. ரொட்டி கேட்டு வந்த புது அதிகாரி ஒருவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு முதுகைக் கொடுத்தார். மூட்டை தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. ஏற்றிவிடுகிறவன் மூட்டை சரியாக உட்கார்ந்ததும் சுமப்பவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவான். தட்டிய பிறகுதான் நடக்க வேண்டும். அதிகாரிக்கு அது தெரியாது. மாஸ்டர் தட்டுவதற்குள் நடந்தார். மூட்டை சரிந்து வெடித்து, தலை முதல் கால் வரை வெள்ளை. மாவுக்குள் இருப்பது யாரென்று யோசிக்காமல் மாஸ்டர் கத்திவிட்டார்: "தட்டாம எவன்டா உன்ன நடக்கச் சொன்னான்?"

பிறகுதான் கண்ணைப் பார்த்தார். மாஸ்டரின் உயிர் பாதி அங்கேயே போய்விட்டது. மாவுக்குள்ளிருந்து பதில் வந்தது: இனிமேல் தட்டாமல் நடக்க மாட்டேன்.

மண்டபம் சிரித்தது. மேஜர் மின்விசிறியை விட்டுக் கண்ணை இறக்கினார்.

சண்டையில், மேலே இருந்தவர்களுக்குச் சாப்பாடு எடுத்துப் போகும்போது மாஸ்டரின் தொடையில் குண்டு பாய்ந்தது. பாறை ஒன்றில் சாய்ந்து கிடந்தார். அதே அதிகாரி ஏற்கெனவே இரண்டு பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, சரிவில் மறுபடி இறங்கி வந்தார். முதுகைக் காட்டிக் குனிந்தார், கைகளை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார். சுற்றிலும் பாறையில் குண்டு தெறிக்கிறது, மனிதர் நகரவில்லை. இவருக்கும் குண்டு பட்டுவிட்டது, நின்றபடியே செத்துப் போனார் என்று மாஸ்டர் நினைத்தார்.

"'சார், என்ன ஆச்சு'ன்னு கேட்டேன். 'தட்டுய்யா'ன்னார்."

சிரிப்பு வர ஒரு கணம் ஆயிற்று. வந்தபோது நாற்காலிகள் ஆடின.

"ஏத்திவிட ஆள் இல்லீங்களே. மூட்டையே தட்ட வேண்டியதாப் போச்சு. ரெண்டு தட்டுத் தட்டினேன். அப்புறம் ஒரு ஓட்டம் ஓடினார் பாருங்க, அதை எழுத்துல எழுத முடியாது. வழியெல்லாம் என் எடையைப் பத்தித் திட்டிக்கிட்டே ஓடினார்."

இதற்குப் பிறகு சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். மாஸ்டர் வாயைத் திறந்தார். மேஜரைப் பார்த்தார். மேஜர் மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அந்தச் சொல் பழைய இடத்திலேயே போய் மாட்டிக்கொண்டது. தலைமையாசிரியை நிலைமையைக் காப்பாற்ற, மேஜரை மேடைக்கு அழைத்தார். மேஜர் எழவில்லை. மறுபடி அழைத்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான். எதிரியின் துப்பாக்கிக்குக் குனியாத தலை இந்தக் கைதட்டலுக்குக் குனிந்திருந்தது.

மாஸ்டர் ஒலிவாங்கியை விட்டு விலகினார். ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினார். முதல் வரிசைக்கு வந்து, மேஜரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கையிலிருந்த மாவு வாசனை இன்னும் போயிருக்கவில்லை. குனிந்து, அந்த நேரான முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

மேஜர் எழுந்தார். எழுந்த பிறகுதான் எழுந்தது அவருக்கே தெரிந்தது போலிருந்தது. திரும்பி மாஸ்டரை ஒரு முறை முறைத்தார். அதற்குள் கால்கள் மேடைப்பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டன.

ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்குத் தூக்கி வைத்தார். பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்: "அன்னைக்கு இவன் தட்டலேன்னா, நான் இன்னும் அங்கேயேதான் நின்னுட்டிருப்பேன்."

மாஸ்டரின் மனைவி மூக்கைச் சிந்தினார். மாவுத் தூசி என்றார் பக்கத்து நாற்காலியிடம்.

மறுநாள் இரண்டாவது ஈடு இறங்கியது. மாஸ்டர் எதிர்க்கடையைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே யாரும் இல்லை. மடக்கிய குடை போன்ற நிழல் ஒன்று மாஸ்டரின் கடைப் படியிலேயே விழுந்தது.

"பேச்சு கொஞ்சம் நீளம்" என்று சொல்லிக்கொண்டே மேஜர் தேநீரை எடுத்தார். "நான் உன் எடையைப் பத்தித் திட்டினதை மட்டும் குறைச்சுச் சொல்லிட்ட."

மாஸ்டர் அன்று ரொட்டியை நன்றாக முறுகவிட்டிருந்தார்.