பாவாயம்மாளின் அஞ்சுவெடி

பாவாயம்மாள் காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் அவருடைய கொழுந்தனார் நாச்சிமுத்து. போன புதன்கிழமை காலை, நான் கடலைக்காட்டில் களை வெட்டுகிறவர்களோடு நின்றிருந்தேன். வரப்பில் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்தவர் தலைத் துண்டை அவிழ்த்தார். "எங்க நங்கையா போயிட்டாங்க" என்றார். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். பாவாயம்மாளின் கணவர் பழனியப்பண்ணனும் நானும் பக்கத்துத் தோட்டத்துச் சினேகிதர்கள் என்பதால் எனக்கும் அவர் நங்கையாதான். நாச்சிமுத்து அழுததைப் பார்த்து நானும் அழுதேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. மறைக்க மாட்டேன். அந்த அம்மாளைத் துப்பாக்கியில்லாமல் ஆக்கப் பார்த்த மனிதர், அவருக்காக வரப்பில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தார்.

பதினாறாம் நாள் வருகிறவர்கள் கையில் அச்சடித்துக் கொடுக்க நாலு வரி எழுதித் தரும்படி அவரே கேட்டார். நாலு வரியில் அடங்குகிற ஆளா பாவாயம்மாள்? தாலுகாவில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கும் நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும். வருஷக் கடைசியில் தாசில்தார் கச்சேரி வாசலில் லைசென்ஸ் புதுப்பிக்க நாம் வரிசையில் நிற்கும்போது, அந்த வரிசையில் நின்ற ஒரே புடவை அவருடையது. நமக்குத் தெரிந்ததோடு, நம்மில் ஒருவனைத் தவிர யாருக்கும் தெரியாத ஒன்றையும் எழுதப்போகிறேன்.

முதலில் அந்தத் துப்பாக்கியைப் பற்றி. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே வேலை பார்த்த வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவர் சீமைக்குத் திரும்பினார். போகும்போது உரிய அனுமதியோடு தம் துப்பாக்கியைப் பழனியப்பண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பெல்ஜியத்தில் செய்தது. முதுகு கூன் போட்டது போல இருக்கும். விசையை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு தோட்டா போகும். காலித் தோட்டாவை அதுவே வெளியே தள்ளி அடுத்ததை அதுவே ஏற்றிக்கொள்ளும். இப்படி ஐந்து. அதனால்தான் நாம் அதற்கு அஞ்சுவெடி என்று பெயர் வைத்தோம். முதல்முறை அதைப் பார்த்த அன்று நான் பொறாமையில் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் ரெட்டைக்குழல்காரன். என் அப்பா காலத்துத் துப்பாக்கி. அதை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். நடுவில் மடக்கித் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். ஒரு குழல் மக்கர் செய்தால் இன்னொரு குழல் இருக்கிறது. அஞ்சுவெடியில் உள்ளே என்ன இருக்கிறது என்பது வெளியே தெரியாது. ஐந்தும் நிரப்பினால் முன்பக்கம் கனக்கும். அடைமழைக் காலத்தில் காகிதத் தோட்டா உப்பிவிட்டால் பாதி வழியில் விக்கிக்கொண்டு நிற்கும். இதையெல்லாம் நான் அண்ணன் வீட்டுக் களத்தில் உட்கார்ந்து அடுக்குவேன். அண்ணன் சிரிப்பார். பதில் சொல்கிறவர் பாவாயம்மாள்தான்.

"அத்தனையும் நெசந்தானுங்க தம்பி. ஆனா உங்குளுது ஒதைக்குது, இது தள்ளுது. ஒதைக்கறது வேற, தள்றது வேறங்க."

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அண்ணன் பக்கத்தில் நிற்க இரண்டையும் சுட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். அவர் ஐந்தடி இருப்பாரா என்பதே சந்தேகம். என் ரெட்டைக்குழலில் பன்றித் தோட்டா ஒன்றைச் சுட்டுவிட்டு ஒரு வாரம் தோள் கன்றிப்போய்த் திரிந்தார். அஞ்சுவெடியில் அதே தோட்டாவைச் சுட்டபோது, "கன்னுக்குட்டி மடியை முட்டறாப்பல இருக்குதுங்க" என்றார். அதில் சுட்டவுடன் குழலே பின்னால் ஓடி வரும். உள்ளே இருக்கும் சுருள்கம்பியும் ஒரு வெண்கல வளையமும் அதை இறுக்கிப் பிடித்து நிறுத்தும். ஓரடியாக விழ வேண்டிய வேகம் இரண்டு தள்ளாகப் பிரிந்து வரும். இந்த விஷயம் அண்ணனுக்கே அரைகுறையாகத்தான் தெரியும். பாவாயம்மாள் ஒரு மத்தியானம் துப்பாக்கியைப் பிரித்துப் பாயில் பரப்பி, எது எதற்கு என்று தாமாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

அண்ணன் விஷக்காய்ச்சலில் போனபோது பாவாயம்மாளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பிள்ளைகள் இல்லை. கொல்லிமலை அடிவாரத்தில் ஏழு ஏக்கர் கடலைக்காடு. அங்கே துப்பாக்கி இல்லாமல் வெள்ளாமை செய்ய முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விதைத்த பருப்பையே முளைக்க விடாமல் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிகள். தாசில்தார் மூன்று மாதத் தற்காலிக லைசென்ஸ் கொடுத்தார். அதற்குள் நாச்சிமுத்து ஒரு மனுப் போட்டார். ஆண் துணையில்லாத வீட்டில் ஐந்து தோட்டாத் துப்பாக்கி இருப்பது ஊருக்கே ஆபத்து, அதன் உதையைப் பெண்பிள்ளை தாங்க மாட்டாள், ஆகவே அதைத் தம் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று மனு. துப்பாக்கி போனால் காடு போகும். காடு போனால் பாவாயம்மாள் பிறந்த வீட்டுக்குப் போய் அண்ணன்மார் தயவில் உட்கார வேண்டும். மூன்றுக்கும் நடுவில் வேறு வழியே கிடையாது.

தாசில்தார் நல்ல மனிதர். "அந்த அம்மாள் சுட்டுக் காட்டட்டும். தாங்கினால் லைசென்ஸ், தாங்காவிட்டால் மாற்றம்" என்றார். வருஷக் கடைசியில் எல்லோரும் புதுப்பிக்க வரும் நாளையே குறித்தார். ஊருக்கு வெளியே மொட்டைப் பாறைக் கரட்டடியில் ஒரு மண்மேட்டின் மேல் ஐந்து சட்டிகள் வைப்பது என்று ஏற்பாடு.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். முதல் நாள் சாயங்காலம் உதவி செய்கிறேன் பேர்வழி என்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மறுநாள் பயணத்துக்கு மாடுகளுக்குத் தீனி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். "துப்பாக்கியைத் துடைச்சு வெக்கட்டுங்களா நங்கையா?" என்று கேட்டேன். "துடைச்சாப் போதுமுங்க தம்பி, வேற ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க" என்றார். நானா கேட்பேன்? துப்பாக்கியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒரு பெண்பிள்ளையா என்ற திமிர். பின்னால் ஓடி வருகிற குழல் வழுவழுவென்று ஓடினால் இன்னும் நல்லதுதானே என்று நினைத்தேன். இடது கை பிடிக்கிற முன்கட்டையைக் கழற்றி, உள்ளே குழாய், சுருள்கம்பி, வளையம் எல்லாவற்றுக்கும் தாராளமாக விளக்கெண்ணெய் ஊற்றினேன். எங்கள் பக்கத்தில் வண்டி அச்சு முதல் குழந்தையின் தொப்புள் வரை எல்லாவற்றுக்கும் விளக்கெண்ணெய்தான். இதற்கும் அதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். மேலே நன்றாகத் துடைத்து மாட்டியதால் அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் கரட்டடியில் நீங்கள் பலர் இருந்தீர்கள். பாவாயம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரே ஒரு பன்றித் தோட்டாவைப் போட்டு, முதல் சட்டியைப் பார்த்துச் சுட்டார். சட்டி தூள். ஆனால் அவரும் இரண்டு எட்டுப் பின்னால் போய் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். உதட்டில் ரத்தம். கூட்டம் சிரித்தது. நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தாசில்தார், "போதும் அம்மா" என்று கையிலிருந்த காகிதக் கட்டை மூடினார்.

பாவாயம்மாள் எழுந்திருக்கவில்லை. முன்கட்டையைப் பிடித்திருந்த இடது உள்ளங்கையைப் பார்த்தார். கட்டையின் இடுக்கிலிருந்து ஏதோ கசிந்து அதில் மினுமினுவென்றிருந்தது. மோந்து பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, அத்தனை கூட்டத்தில் நேராக என்னைப் பார்த்தார்.

தாசில்தாரும் அவர் கையைக் கவனித்துவிட்டார். "என்ன அம்மா அது? இந்தத் துப்பாக்கியை யார் துடைத்தது?" என்று கேட்டார்.

லைசென்ஸ்காரர்களான உங்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். உரிமைக்காரர் தவிர இன்னொருவர் கையில் துப்பாக்கி போயிருந்தால் கொடுத்தவர் லைசென்ஸும் போகும், வாங்கியவர் லைசென்ஸும் போகும். நான் வாயைத் திறந்திருந்தால் இரண்டு வீட்டுத் துப்பாக்கியும் அன்றே கச்சேரிக்குள் போயிருக்கும். ஆனால் அதை யோசித்து நான் பேசாமல் இருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பயத்தில் பேசாமல் இருந்தேன்.

"நாந்தானுங்க சாமி" என்றார் பாவாயம்மாள். "வண்டி அச்சுக்குப் போடற ஞாபகத்துல வெளக்கெண்ணெயப் போட்டுட்டனுங்க. எம்புத்தி அப்படி."

சிரிப்பு கரட்டில் மோதித் திரும்பி வந்தது. அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "பத்து நிமிசம் குடுங்க சாமி" என்று கேட்டுவிட்டு, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முன்மூடியைத் திருகினார், கட்டையை உருவினார், குழலைக் கழற்றி மடியில் வைத்தார். வேலை செய்துகொண்டே தாசில்தாருக்குப் பாடம் சொன்னார்.

"இந்த வளையந்தானுங்க சாமி கடிவாளம். கொழல் ஓடியாரப்ப இது இந்தக் கொழாயை இறுக்கிப் புடிக்கோணும். எண்ணெய் இருந்தா எங்கெ புடிக்கறது? வழுக்கியுட்டுப் போயிருது. அத்தனை வேகமும் எந்தோளுக்கு வந்துருச்சுங்க. இது துப்பாக்கி மேல தப்பில்லீங்க."

முந்தானையால் மூன்று தடவை துடைத்தார். மூன்றாம் தடவை துணியில் எண்ணெய் ஒட்டவில்லை. வளையத்தை விரலால் சுழற்றிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். எல்லாவற்றையும் மாட்டி, இந்த முறை நான்கு தோட்டாக்களை உள்ளே தள்ளி எழுந்து நின்றார். டமார், டமார், டமார். நான் பிரமித்துப்போனேன். மூன்று சட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதறின. அவர் பாதம் மண்ணில் பதிந்த இடத்திலிருந்து ஓர் அங்குலம் நகரவில்லை.

துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு தாசில்தாரைப் பார்த்தார். "சட்டி ஒண்ணு மிச்சமிருக்குதுங்க சாமி. நான் ஒடைக்கட்டுங்களா, நீங்க ஒடைக்கறீங்களா?"

தாசில்தாருக்கே ஆசை வந்துவிட்டது. கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது என் ரெட்டைக்குழல். அதை வாங்கி முதலில் சுட்டார். குறி தப்பியது. தோளைத் தேய்த்துக்கொண்டார். பிறகு அஞ்சுவெடியை வாங்கி அதில் மிச்சமிருந்த ஒரு தோட்டாவைச் சுட்டார். சட்டி உடைந்தது. "அம்மா, இது தள்ளத்தான் செய்கிறது" என்றார். உதையைப் பற்றி எனக்கும் பாவாயம்மாளுக்கும் பல வருஷமாக நடந்த வழக்கு அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்தது. தோற்றதில் எனக்கு அன்று வருத்தமே இல்லை. லைசென்ஸ் அங்கேயே, ஒரு பாறையின் மேல் காகிதத்தை வைத்து எழுதப்பட்டது.

அந்தத் தைமாதமே நாச்சிமுத்துவின் காட்டில் பன்றி இறங்கியது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, விடியற்காலையில் பாவாயம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே கூப்பிட்டும் போகவில்லை. "ஏன் வெளியவே நிக்கறீங்க? போங்க, பின்னால வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நங்கையா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனாராம். இரண்டு பன்றி விழுந்தது. மனுவைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அதன்பின் அடிவாரத்தில் எந்தக் காட்டில் பன்றி இறங்கினாலும் ஆள் போவது அந்த வீட்டுக்குத்தான்.

உலகச் சண்டைக் காலத்தில் தோட்டா கிடைக்காமல் நாம் தவித்தபோது, அஞ்சுவெடிக்காரி இனி என்ன செய்வாள் என்று நான் கொஞ்சம் கேலியாகக் கேட்டேன். ஐந்து தோட்டாத் துப்பாக்கியில் ஒன்றே ஒன்றைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனார். "அஞ்சு போவுங்கறதுக்காவ அஞ்சையும் போடோணுமுங்களா தம்பி?" என்று கேட்டார். அந்த நான்கைந்து வருஷத்தில் அவர் வீணடித்த தோட்டா ஒன்றுகூட இருக்காது. என் கணக்கைக் கேட்காதீர்கள்.

இவ்வளவு வெற்றிக்கும் அவருக்கு நாம் கொடுத்த பெயர் என்ன? விளக்கெண்ணெய். கரட்டடியிலிருந்து திரும்பி வரும்போதே யாரோ ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வருஷமும் கச்சேரி வரிசையில் அவர் வந்து நின்றதும், "வெளக்கெண்ணெய் வந்துருச்சப்பா" என்று ஒரு குரல் எழும். எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். நானும் சிரித்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒருமுறை பொறுக்க முடியாமல், "சொல்லிரட்டுங்களா நங்கையா? அந்தத் தாசில்தார்தான் மாறிப் போயிட்டாரே" என்று கேட்டேன்.

"சும்மா இருங்க தம்பி" என்றார். "பேரு போனாப் போவுது. லைசென்ஸ் எங்கிட்ட இருக்குதுல்ல?"

கடைசி வரை அது அவரிடம்தான் இருந்தது. அடுத்த கடலைக்கு விதை எடுத்து வைத்துவிட்டு, தம் காட்டு வீட்டில், தம் கட்டிலில் போனார் பாவாயம்மாள். யார் தயவிலும் அவர் ஒரு நாளும் உட்காரவில்லை.

எண்ணெய் ஊற்றியது நான். இத்தனை வருஷம் நீங்கள் சிரித்ததெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டியது. அவர் சுமந்த அந்தப் பெயரை இனி நான் வைத்துக்கொள்கிறேன். வருகிற டிசம்பரில் கச்சேரி வரிசையில் நின்றுகொண்டு, ஏ வெளக்கெண்ணெய் என்று உரக்கக் கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்ப்பேன்.