பக்கத்தில் இருக்கும் நல்ல செல்

எஸ்தர் இறந்த செய்தி காலை பத்தே காலுக்கு வந்தது. கும்மிடிப்பூண்டியில் நாங்கள் நடத்தும் சின்னத் திசுப் பரிசோதனைக் கூடத்தில், அன்றைய ஸ்லைடுகளில் முதலாவதை மைக்ராஸ்கோப்பில் வைத்து அப்போதுதான் குனிந்திருந்தேன். பக்கத்து ஊரான ஆரணியிலிருந்து அவர் கணவர் தேவசகாயம் பேசினார். "டாக்டர், எஸ்தரு நம்மள வுட்டுட்டுப் பூட்டா" என்றார். "இதோ வரேன்" என்று சொல்லி போனை வைத்தேன். ஆனால் எழுந்திருக்கவில்லை. மறுபடி அதே ஸ்லைடைத்தான் பார்த்தேன். அது எந்த ஸ்லைடு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எஸ்தரை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பதினோரு வருடம் எங்கள் கூடத்தின் டெக்னீசியன். ஆரணி பஸ்ஸில் வந்து எனக்கு முன்னால் கதவைத் திறப்பவர். பிளாக் எனப்படும் மெழுகுக் கட்டிக்குள் பதித்த திசுவை வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி எடுப்பவர். சிரித்துக்கொண்டே திட்டுவார். திட்டு வாங்கியவர்களில் முதல் ஆள் நான். ஆனால் என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் இல்லாத இந்த வாரத்தில் நானாவது சொல்லிவிட வேண்டும்.

நம் உடம்பின் செல்கள் தனித்தனியாக இருப்பவை அல்ல, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பவை. அப்படி ஒட்டவைக்கும் புரதங்களில் ஒன்று ஈ-காடெரின். எங்கள் சாயத்தில் அது இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும். ஒவ்வொரு செல்லின் ஓரத்திலும் கோடு ஓடி, மொத்தமும் ஒரு வலையாக நிற்கும். புரதம் தொலைந்துபோன செல்லில் கோடு இருக்காது. நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கேட்டால் எஸ்தர் தன் பாணியில் சொல்வார்: "ஷிஃப்ட் பஸ்ஸு கூட்டத்துல புள்ள கையப் புடிச்சிகினு நிக்கிறோம்ல? அந்தக் கை வுட்டுப் போச்சுன்னா எது எங்க போவும்னு யாருக்குத் தெரியும்?" நான் அரை மணி நேரம் விளக்கியும் தலையாட்டாதவர்கள் இதற்குத் தலையாட்டுவார்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஒரு ஆயுத பூஜை சமயம். அப்போது ஈ-காடெரினைப் பழுப்பாகக் காட்டும் மருந்து பாட்டிலின் அடியில்தான் மிச்சம் இருந்தது. புதுசு வர ஒரு வாரம் ஆகும். ஒவ்வொரு முறையும் நோயாளியின் ஸ்லைடோடு, சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க ஏற்கெனவே தெரிந்த ஒரு திசுவையும் போட வேண்டும். அதைக் கன்ட்ரோல் என்போம். "இந்த வாரம் கன்ட்ரோல் வேண்டாம், மருந்து வீணாகும்" என்று நான்தான் சொன்னேன். எஸ்தர் முறைத்தார். "கன்ட்ரோல் இல்லாம போடறது கண்ணக் கட்டிகினு ரோட்டு தாண்டற மாதிரி டாக்டர்" என்றார். நான் கேட்கவில்லை.

பூஜைக்கு முந்தைய நாள் அவர்தான் எல்லாவற்றையும் துடைத்தார். தேவாலயத்துக்குப் போகிறவர் இதையெல்லாம் செய்யலாமா என்று ஒருவர் கிண்டல் செய்ததற்கு, "பூஜை உங்க சாமிக்கு, தொடைக்கிறது என் மெஷினுக்கு" என்று வாயை அடைத்தார். அவர் துடைத்து வைத்த மைக்ராஸ்கோப்பிலிருந்து கரைசல் பாட்டில்கள் வரை ஒன்றுவிடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தது நான். ஸ்லைடைச் சாயமிடுவதற்கு முன் ஒரு கரைசலில் சூடாக்க வேண்டும். எங்களிடம் இரண்டு கரைசல்கள், ஒரே மாதிரி பாட்டில்கள். மாற்றி எடுத்தால் சாயம் பிடிக்காது. ஈரத் துணி பட்டு மார்க்கர் எழுத்து பாதி அழிந்திருந்தது. மீதிப் பாதியின் மேல் என் சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. பூஜை முடிந்து வேலை தொடங்கிய நாளில் எஸ்தர் எடுத்தது தவறான பாட்டில்.

அன்றைய ஸ்லைடு நாகம்மாவுடையது. தொழிற்பேட்டையில் பொட்டலம் கட்டும் வேலை. நாற்பது வயதைத் தாண்டியவர். மார்பில் எடுத்த திசுவில், நோய்ச் செல்கள் இன்னும் பால் குழாய்களுக்குள்ளேயே அடைபட்டிருந்தன. அந்த நிலையில் இரண்டு வகை உண்டு. புரதம் இருந்தால், வெட்டி எடுத்தே ஆக வேண்டிய வகை. விட்டுவைத்தால் ஒருநாள் குழாயை உடைத்துக்கொண்டு பரவலாம். புரதம் இல்லாவிட்டால், பெரும்பாலும் கண்காணித்தால் போதும். நான் பார்த்தேன். பழுப்பே இல்லை. கையெழுத்துப் போட்டேன். நாகம்மாவின் தம்பி வந்து ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, "அப்ப ஆபரேசன் வேணாமா சார்? அக்காவுக்கு இன்னியோட காண்ட்ராக்டு முடியுது. சாயங்காலம் ஸ்டேட் பார்டருக்கு அந்தாண்ட நைனா ஊட்டுக்குப் போவுது" என்று சந்தோஷமாகப் போனார்.

மதியம் ஒரு மணிக்கு எஸ்தர் ஸ்லைடுகளை அடுக்கி வைக்க வந்தார். அடுக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் மைக்ராஸ்கோப்பில் ஒருமுறை பார்ப்பது அவர் வழக்கம். பார்த்தவர் நிமிரவில்லை.

"டாக்டர், பக்கத்துல நல்ல கொழாய் ஒண்ணு கீதே, அது இன்னா கலர்ல கீதுன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. நோய் இருந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டிருந்தேன். இப்போது பார்த்தேன். நல்ல குழாயும் வெளுத்துக் கிடந்தது. நல்ல செல்லில் புரதம் இல்லாமல் இருக்கவே முடியாது. அப்படியானால் தொலைந்தது புரதம் அல்ல, எங்கள் சாயம்.

படிவத்தில் இருந்த எண்ணுக்கு அடித்தேன், அந்த எண் உபயோகத்திலேயே இல்லை. தம்பியின் எண் எங்களிடம் இல்லை. கேட் செக்யூரிட்டிக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும். அதன் பிறகு நாகம்மா எந்த ஊருக்குப் போகிறார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. ஆபரேஷன் வேண்டாம் என்று ஒருமுறை கேட்டுவிட்டவர் எதற்காகத் திரும்பி வருவார்?

"இன்னா பாத்துகினு கீறீங்க, எந்திரிங்க" என்றார் எஸ்தர். ஷேர் ஆட்டோவில் ஏறினோம். தொழிற்பேட்டை சாலையில் இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஒன்று நாற்பது. எஸ்தர் இறங்கி நடக்க ஆரம்பித்தார், நடை ஓட்டமானது. நான் பின்னால் மூச்சு வாங்கினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சங்கு ஊதிவிட்டது. ஒரே நிறச் சீருடையில், தலையில் வலைத் தொப்பியோடு பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். நாகம்மாவின் முகம் எங்கள் இருவருக்குமே தெரியாது. அவருடைய செல்களை மட்டுமே பார்த்திருந்தோம்.

எஸ்தர் கேட்டுக்கு எதிரில் இருந்த கல்லின் மேல் ஏறி நின்றார். "நாகம்மா! நாகம்மா யாரும்மா?" என்று தொண்டை கிழியக் கத்தினார். பஸ்கள் ஒவ்வொன்றாக நிரம்பிக் கிளம்பின. மூன்றாவது பஸ்ஸின் படியில் கால் வைத்திருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"நாந்தான். இன்னாக்கா?"

எஸ்தர் அவர் கையைப் பிடித்து இறக்கினார். பிடித்த கையை விடவே இல்லை. "ஒரு தப்பு நடந்துபோச்சும்மா. உன் தம்பிகிட்ட குடுத்த ரிப்போர்ட்டு சரியில்ல. என் தப்பு. நான் பாட்டில மாத்தி எடுத்துட்டேன். இன்னைக்கு ஊருக்குப் போவாத."

நான் அருகில் நின்றிருந்தேன். கன்ட்ரோல் வேண்டாமென்று சொன்னது நான். பொட்டு வைத்தது நான். பார்க்காமல் கையெழுத்திட்டதும் நான். வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மென்று முழுங்கினேன். எஸ்தர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதுதான் உங்களுக்குத் தெரியாத விஷயம்.

மறுநாள் சரியான கரைசலில் போட்டபோது நாகம்மாவின் ஸ்லைடில் பழுப்பு வலை துல்லியமாக வந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. அவர் இன்றும் வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிறார்.

நான்கு வருடம் கழித்து எஸ்தருக்கு வயிற்று வலி வந்தது. கேஸ் என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொண்டே ஆறு மாதம் கடத்தினார். எண்டோஸ்கோப்பியில் எடுத்த துணுக்கு எங்கள் கூடத்துக்கே வந்தது. சாதாரணச் சாயத்தில் புற்று என்று தெரிந்தது. எந்த வகை என்று பிடிபடவில்லை. மார்பின் அந்த ஆரம்ப நிலைக்கு நேர்மாறு வயிற்றின் கதை. அங்கே புரதத்தைத் தொலைத்த செல்கள் கட்டியாக நிற்காமல், ஒவ்வொன்றாகப் பிரிந்து கண்ணுக்குத் தெரியாமல் சுவருக்குள் ஊர்ந்துகொண்டே போகும். அந்த ஈ-காடெரின் சாயத்தைத் தானே போடுவேன் என்றார் எஸ்தர். கூடாது என்றேன். "வேற யாரு உங்க கையெழுத்துக்கு முன்னாடி பாப்பாங்க?" என்றார். மெழுகுக் கட்டியை அவர் கையில் கொடுத்தேன்.

நான்கு மணி நேர வேலை. அவர் ஒரு நிமிடம்கூட அவசரப்படவில்லை. நான் மூன்று முறை டீ வாங்கி மூன்றையும் ஆறவிட்டேன். ஸ்லைடை என் முன்னால் வைத்துவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

நோய்ச் செல்களில் ஒரு கோடுகூட இல்லை.

அப்போது நான் வேண்டிக்கொண்டது இதுதான்: பக்கத்து நல்ல செல்லும் வெளுத்திருக்க வேண்டும். பாட்டில் மாறியிருக்க வேண்டும். எஸ்தர் வாழ்க்கையில் இரண்டாவது முறையாகத் தப்புச் செய்திருக்க வேண்டும். ஸ்லைடை நகர்த்த என் விரல்களுக்குத் தைரியம் வரவில்லை.

"நல்ல செல்லு இன்னா சொல்லுது டாக்டர்?"

நகர்த்தினேன். பழுப்பு. ஒவ்வொரு ஓரமும் அச்சடித்தது போல இருந்தது. அவ்வளவு சுத்தமான சாயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பழுப்பா இருக்கு" என்றேன்.

"அப்ப சாயம் சரி." பின்னாலிருந்தே பேனாவை என் பக்கம் தள்ளினார். "கையெழுத்துப் போடுங்க."

மறுபடி ஒருமுறை போட்டுப் பார்க்கலாம் என்று கெஞ்சினேன். எனக்காக மறுநாள் போட்டார். அதே விடை வந்தது. அன்று மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

வயிற்றை முழுவதுமாக எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். ஒன்றரை வருடம் ஓடியது. நடுவில் நன்றாக இருந்த ஒரு மாதத்தில் கூடத்துக்கு வந்தார். பாதி உடம்பாக இளைத்திருந்தார். கையில் மடித்த காகிதம். தன் கையால் எழுதிக் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம்.

"என் வயித்த எடுத்தாங்கல்ல, அதுல எம்மாம் பிளாக்கு கீது. கன்ட்ரோலுக்கு வெச்சுக்குங்க. நல்ல செல்லு, கெட்ட செல்லு, ஒரே ஸ்லைடுல ரெண்டும் கீது. இந்த மாதிரி எங்கயும் கிடைக்காது. இனிமே கன்ட்ரோலு இல்லன்னு எவனும் சாக்கு சொல்லக் கூடாது."

எவனும் என்றது யாரை என்று எனக்குத் தெரியும். அவர் சிரித்தார். நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பிளாக்குகளையும், எந்த ஸ்லைடிலும் முதலில் நல்ல செல்லைப் பார்க்கும் பழக்கத்தையும்தான். போன் வந்தபோது மைக்ராஸ்கோப்பில் இருந்தது எஸ்தரின் ஸ்லைடு. ஒவ்வொரு நாளும் கன்ட்ரோலாக முதலில் வைப்பது அதைத்தான். தேவசகாயத்திடம் பேசிவிட்டு மறுபடி குனிந்தேன். நல்ல செல்கள் பழுப்பாக, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. சாயம் சரி. அடுத்த ஸ்லைடு யாரோ முகம் தெரியாத ஒரு பெண்ணுடையது. அதைப் பார்த்து முடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆரணிக்குக் கிளம்பினேன்.