சனி பகவான் முன்னால் சொன்னது

என் தம்பி இரண்டு முறை குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்பது அரசுத் தரப்பின் வாதம். முதல் முறை காவல் நிலையத்தில், அடி தாங்காமல். இரண்டாம் முறை திருநள்ளாற்றில், அம்மா சொல்லச் சொன்னதால். முதலாவதைக் கோர்ட் தள்ளிவிட்டது. இரண்டாவதை வைத்துக்கொண்டது.

வரிச்சிக்குடியில் எங்கள் வயலுக்கு மேல் வயல் ஒரு பெரியவருடையது. நடவு முடிந்த சமயம் அவர் தண்ணீரைக் கீழே விடவில்லை என்று தம்பிக்கும் அவருக்கும் வரப்பில் வாய்ச்சண்டை. எங்கள் பக்கம் தண்ணீருக்குச் சண்டை போடாதவன் என்றால் ஒன்று நிலம் இல்லாதவனாக இருக்க வேண்டும், இல்லை வெளிநாட்டில் இருக்க வேண்டும். மறுநாள் காலை பெரியவர் தலையில் காயத்தோடு வாய்க்காலில் செத்துக் கிடந்தார். யாரைப் பிடிப்பது என்று போலீஸ் அதிகம் யோசிக்கவில்லை.

அன்றிரவு தம்பி எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் தூங்கினான். நான் பார்த்தேன், அம்மா பார்த்தாள். ஆனால் அக்காவும் அம்மாவும் பார்த்ததற்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

நாங்கள் அவனை மறுபடி பார்த்தபோது உள்ளங்காலை ஊன்ற முடியாமல் நடந்தான். அதற்குள் வாக்குமூலம் எழுதி முடிந்திருந்தது. மண்வெட்டியால் அடித்தேன், கூட்டிப்போனால் எடுத்துத் தருகிறேன் என்று அதில் இருந்தது. கூட்டிவந்து எங்கள் கொல்லையில் சார்த்தியிருந்த மண்வெட்டியை எடுத்துப் போனார்கள். நான் சுரக்குடியில் டீச்சர் வேலை பார்க்கிறேன். மண்வெட்டி இல்லாத வீட்டை எங்கள் ஊரில் யாராவது காட்டினால் என் சம்பளத்தை அப்படியே கொடுத்துவிடுகிறேன்.

எங்கள் வக்கீல் நல்ல மனிதர். அம்மாவை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். "போலீஸ்கிட்ட சொன்னது கோர்ட்ல நிக்காதும்மா. அவன் சொல்லி ஒரு பொருள் கெடச்சுதுன்னா அத மட்டும் சேத்துக்குவாங்க. அந்த மண்வெட்டியில இருக்குற கறை யாரு ரத்தம்னு அவங்களாலயே சொல்ல முடியல. தைரியமா போங்க."

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். பல நாளுக்குப் பிறகு ருசி தெரிந்தது.

போலீஸ் குற்றப்பத்திரிகையைக் கெடுவுக்குள் போடாததால் ஜாமீனும் கிடைத்தது. ஆனால் கோர்ட் கொடுத்த ஜாமீனை அம்மா நம்பவில்லை. சனி பகவான் கொடுத்தால்தான் அவளுக்கு ஜாமீன். "அவனுக்கு ஏழரை நடக்குதுடி. இல்லாட்டி செய்யாத குத்தத்துக்கு இப்புடி அடி வாங்குவானா?" என்றாள். அடுத்த சனிக்கிழமை மூவரும் திருநள்ளாறு போனோம்.

தம்பி நல்லெண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகினான். உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டுப் புது வேட்டி கட்டிக்கொண்டான். முதுகில் அடியின் தழும்பு எண்ணெயில் பளபளத்ததைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வரிசையில் எங்களுக்குப் பின்னால் எங்கள் ஊரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் நின்றார். செத்துப்போனவருக்குத் தூரத்து உறவு. மகள் கல்யாணம் தள்ளிப்போகிறதென்று வந்திருந்தார். "எல்லாம் சரியாயிடும்க்கா, வருத்தப்படாதீங்க" என்று அம்மாவிடம் சொன்னார். மனதாரத்தான் சொன்னார்.

சன்னதி முன்னால் தம்பி கைகூப்பி ஊமையாக நின்றான். காவல் நிலையத்திலிருந்து வந்ததிலிருந்தே அவன் அதிகம் பேசுவதில்லை. அம்மா அவன் தோளைத் தட்டினாள். "மனசுக்குள்ள சொன்னா எப்புடிடா? வாய் விட்டுச் சொல்லு. தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச பாவத்தையெல்லாம் பொறுத்துக்க சாமின்னு சொல்லு."

சொன்னான். சொல்லும்போதே அழுதுவிட்டான். அங்கே நின்ற பாதிப் பேர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் சொன்னேன்.

குற்றப்பத்திரிகை வந்தபோது சாட்சிகளில் சைக்கிள் கடைக்காரரும் இருந்தார். கூண்டில் ஏறி, "நான் செஞ்ச பாவத்தப் பொறுத்துக்க சாமின்னு சொல்லி அழுதானுங்க, என் காதால கேட்டேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பொய்ச்சாட்சியாக இருந்தால் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருப்பேன்.

எங்கள் வக்கீல் ஆனமட்டும் வாதாடினார். சனி தோஷத்துக்கு வருகிற எல்லாரும் சொல்வது இது, இதை ஒப்புதல் என்றால் அந்தக் குளத்தில் முழுகுகிற அத்தனை பேரையும் கைது செய்ய வேண்டும் என்றார். கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் சிரிக்காமல் எழுந்தார். இங்கே போலீஸ் இல்லை, மிரட்டல் இல்லை, ஆசை காட்டியவர் இல்லை. யாரும் கேட்காமல் ஒருவன் தன் தெய்வத்திடம் அழுது சொன்னதைவிட மனமுவந்த சொல் எது என்று கேட்டார். எனக்கே ஒரு நிமிடம் அது நியாயமாகப் பட்டது.

அம்மாவை எங்கள் தரப்புச் சாட்சியாக ஏற்றினோம். "நாந்தாங்க சொல்லச் சொன்னேன். அவன் பாட்டுக்குச் சும்மாதான் நின்னான்."

"எந்தப் பாவத்துக்கு மன்னிப்புக் கேக்கச் சொன்னீங்க?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"எல்லாரும் கேக்குறதுதானுங்களே."

"உங்க மகன் பாவமே செய்யலன்னா கேக்க வேண்டியதில்லயே?"

அம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். சின்னக் குழந்தை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, "பாவம் செய்யாத மனுசன் ஏதுங்க?" என்றாள்.

அதுவும் பதிவானது. மகன் அப்படிச் சொன்னதைத் தாயே மறுக்கவில்லை என்று தீர்ப்பில் வந்தது. அடித்து வாங்கியது செல்லாது, ஆனால் சன்னதியில் காதில் விழுந்தது தானாகச் சொன்னது. சண்டை இருந்தது, மண்வெட்டி இருந்தது, மூன்றும் ஒன்றை ஒன்று தாங்குகின்றன என்று முடித்து ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். தவளை தன் வாயால் கெடும் என்று ஊரில் சொன்னார்கள். என் காது படவே சொன்னார்கள்.

சென்னையில் அப்பீல் கிடக்கிறது. எப்போது எடுப்பார்கள் என்று வக்கீலுக்கும் தெரியவில்லை. அவனைப் பார்க்கப் புதுச்சேரி ஜெயிலுக்கு நான் மட்டும் பஸ் ஏறுகிறேன். போன தடவை, "அம்மாவ அழ வேணாம்னு சொல்லுக்கா. கோயில்ல நாந்தானே சொன்னேன், அம்மா என்ன பண்ணும்?" என்றான். அதை வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அதை யாரிடமும் சொல்வதில்லை.

அம்மா சனிக்கிழமைகளில் திருநள்ளாறு போவதை நிறுத்தவில்லை. போன வாரம் நானும் கூடப் போனேன். எள் விளக்கு ஏற்றினாள். சன்னதிக்கு வந்ததும் கைகூப்பி, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. "வேண்டிக்கம்மா, நேரமாவுது" என்றேன்.

அம்மா சாமியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"பின்னாடி யாரு நிக்கிறாங்கன்னு மொதல்ல பாரு" என்றாள்.