டோலியின் முன்தோள்

அவன் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிற வரையில் டோலிக்கு முன்தோள் நான்தான். மாட்டுப்பட்டிக்கு மேலே, மேல் டிவிசனில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம். ஆஸ்பத்திரி நாலு மைல் கீழே. வண்டி போகாத ஒற்றையடிப் பாதை. காய்ச்சல்காரனோ, கவாத்துக் கத்தி பட்டவனோ, பிள்ளைவலிக்காரியோ, யாரானாலும் மூங்கிலில் கம்பளியைத் தொட்டில்போலக் கட்டிய டோலியில் படுக்கவைத்து, முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன் தோள்கொடுத்து இறக்க வேண்டும். தோள் மாற்ற இன்னும் இரண்டு பேர் கூட வருவார்கள். கங்காணி மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை அடித்தால், கொழுந்து மலையில் எந்த மூலையில் நின்றாலும் நாங்கள் நால்வரும் ஓடி வருவோம்.

பின்தோள்காரனுக்குக் கண் இருந்தும் பயனில்லை. தொங்குகிற கம்பளி பாதையை மறைத்துவிடும். முன்னால் போகிறவன் கல், வழுக்கல், பள்ளம் என்று குரல் கொடுக்க, அந்தக் குரலை நம்பித்தான் அவன் கால் வைக்க வேண்டும். நானும் குரல் கொடுத்தவன்தான், அவசியமான இடத்தில் மட்டும். நால்வரில் ஒருவனுக்குப் பதிலாகத் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த அவனோ ஒரு கூழாங்கல்லைக்கூட விடமாட்டான். ஓடை வந்துவிட்டது, பாதி வழி தீர்ந்தது என்று கம்பளிக்குள் கிடப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே போவான். அவன் தூக்கினால் அலுங்காது என்று லயம் முழுக்கப் பேச்சு. இரண்டே மாதத்தில் கங்காணி என்னைப் பின்னால் தள்ளிவிட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. இறக்கத்தில் உயரமானவன் முன்னால் போனால்தான் மூங்கில் மட்டமாக நிற்கும். அவன் என் தோளுக்குத்தான் இருந்தான். அதை யார் கேட்டார்கள்? அவன் சறுக்கினால் மழையின் குற்றம், நான் சறுக்கினால் என் குற்றம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அவன் முதுகைப் பார்த்தபடி நடந்த ஒவ்வொரு மைலிலும் அவனுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளட்டும் என்று வேண்டியிருக்கிறேன்.

ஆடி மாதத்தில் ஒரு காலை என் மனைவிக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இனி என் கையில் இல்லை என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். மற்ற இருவரும் குளிர்காய்ச்சலில் கிடந்தார்கள். தோள்கொடுக்க மிஞ்சியது நானும் அவனும்தான். மருத்துவச்சியும் கூட வந்தாள். கம்பளியில் படுத்ததும் அவள் என் கையைப் பிடித்தாள்.

"அவரு முன்னால வரட்டுங்க. எனக்குப் பயமா இருக்கு."

என் மனைவியுமா! நான் மூங்கிலின் முன்முனையைத் தூக்கித் தோளில் வைத்தேன். அவன் பின்னால் போனான்.

அவனைப்போலக் குரல் கொடுத்தால் அவன் வழியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். என் கால்கள் பாதையைப் பத்து வருஷமாக அறிந்தவை. அவன் கால்களும் அறிந்துகொள்ளட்டும்.

"அண்ணே, வழியச் சொல்லுங்கண்ணே," என்றான் ஓடைக்கு முன்னால் ஒருமுறை. காதில் விழாததுபோல நடந்தேன்.

ஓடை தாண்டியதும் ஒரு பாசிப் பாறை. நான் எட்டிக் கடந்துவிட்டேன். பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். மூங்கில் ஒருமுறை குலுங்கி நின்றது. திரும்பினேன். அவன் முழங்கால் குத்தி விழுந்திருந்தான். ஆனால் மூங்கிலை விடவில்லை. இரண்டு கையாலும் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தான். பாறையில் ரத்தம். மருத்துவச்சி ஓடி வந்து தாங்க, அவன் எழுந்து, மிச்ச இரண்டு மைலும் அந்தக் காலோடு நடந்தான்.

ஆஸ்பத்திரியில் அவன் காலைக் கழுவிய கம்பவுண்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். தன் கால்தான் சறுக்கியது, அண்ணன் மேல் தப்பில்லை என்றான். எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நல்லவன் என்ற பெயரையும் அவனே எடுத்துக்கொண்டான்.

மத்தியானத்துக்குள் பெண்குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் தப்பின. என்னை உள்ளே விட்டார்கள். தன் கால்தான் சறுக்கியது என்று அவன் சொன்னதையே அவளிடமும் சொன்னேன். அவள் குழந்தையை என்னிடம் நீட்டவில்லை.

"வழி நெடுக காதக் குடுத்துக்கிட்டுத்தான் கெடந்தேன்," என்றாள். "ஒரு கல்லுகூட நீங்க சொல்லலியே."