சாக்கில் வந்த எண்பத்தெட்டு

ஆய்வுக்கூடத்தில் அவளை டமாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருஷமாக இரும்பு உருளைக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்ல வரும். இரும்பு உலைக்குப் போகிற கோக் கரி எத்தனை அடி தாங்கும் என்று பார்ப்பது அவள் வேலை. ஐம்பது கிலோவை உருளைக்குள் கொட்டி, நூறு சுற்று சுற்றவிட்டு, சல்லடையில் சலிப்பாள். நூற்றுக்கு எத்தனை பங்கு உடையாமல் பெரிய கட்டியாக மிஞ்சுகிறதோ அதுதான் கரிக்கு மார்க்.

இரண்டு வாரமாக மார்க் சரிந்துகொண்டே வந்தது. மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் கரி அடுப்புகளின் ஃபோர்மேன், அவளுடைய சொந்த அண்ணன்.

ஒரு நாள் காலையில் தள்ளுவண்டியில் சாக்கோடு வந்து நின்றான்.

"மாதிரி எடுக்க நீ எதுக்கு கரி ஓடுற பெல்ட் வரைக்கும் படி ஏறிக்கிட்டு? நானே கொண்டாந்துட்டேன்."

வீட்டில் தண்ணீர் டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காதவன். அவள் இரண்டு கட்டிகளை எடுத்துத் தட்டினாள். கணீரென்றது. சாக்கு முழுக்கவே அப்படித்தான்.

"கையெல்லாம் என்ன கீறல், அண்ணே?"

"பூனை பிறாண்டிடுச்சு."

"உங்க வீட்டுல ஏது பூனை?"

"பக்கத்து வீட்டுப் பூனை. நீ உருளையைப் போடு."

போட்டாள். எண்பத்தெட்டு.

"எழுதிடு," என்றான், முகமெல்லாம் பல்லாக.

"எழுதாம இருப்பேனா?"

அவன் போனதும் படியேறி, பெல்ட்டிலிருந்து தானே அள்ளி வந்து சோதித்தாள். எழுபத்துமூன்று. அறிக்கையில் இரண்டையும் எழுதினாள்: 'பெல்ட்டில் எடுத்தது, 73. ஃபோர்மேன் சாக்கில் கொண்டுவந்தது, 88.'

மறுநாள் கூட்டத்தில் மேனேஜர் அதைச் சத்தமாகப் படித்தார்.

"இந்த எண்பத்தெட்டு எந்த அடுப்புல வெந்துச்சு?"

அண்ணன் கூரையைப் பார்த்தான். பிறகு, இனி மறைத்துப் பயனில்லை என்று வாயைத் திறந்தான்.

"நேத்து விடியக்காலையிலேர்ந்து நல்ல கட்டியாப் பார்த்துப் பொறுக்கினது சார். கரி பதினெட்டு மணி நேரம் வேகணும். பதினஞ்சுலயே வெளிய தள்ளுன்னு சொன்னது நீங்கதானே?"

இப்போது மேனேஜர் கூரையைப் பார்த்தார். டமாரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள், சிரிப்பை அடக்க வேறு வழியில்லாமல்.

அன்று மாலையே பழைய பதினெட்டு மணி நேரம் திரும்பி வந்தது. ஒரே வாரத்தில் மார்க் ஏறியது. அண்ணன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தான். அண்ணிதான் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டு, இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தாள். பாதிச் சாப்பாடு வரை அவன் தட்டோடுதான் பேசினான்.

"இன்னிக்கு எவ்வளவு?" என்றான் கடைசியில்.

"எண்பது."

"எண்பத்திரண்டுன்னு எழுதியிருந்தா உன் பேனா தேஞ்சா போயிடும்?" என்று கேட்டுவிட்டு, குழம்பை அவள் பக்கம் நகர்த்தினான்.