எருவுக்குப் பந்தயம் கட்டிய ஆடு

எட்டாம் வகுப்பு முடித்ததும் எனக்கு ஒரு விவசாய அதிகாரியிடம் குடுவை கழுவும் வேலை கிடைத்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. கண்ணாடிச் சாமான்களை வைக்கோலில் சுற்றித் தலைச்சுமையாக ஏற்றினோம். எருவில் தழைச்சத்து எவ்வளவு என்று மலைமேலேயே பார்க்க வேண்டுமாம்.

மலையில் ஆலத்தூர் நாடு என்ற ஊர்ப்பகுதியைச் சேர்ந்த விவசாயி ஒருவரும், திருப்புலி நாட்டிலிருந்த அவர் மச்சானும் ஆளுக்கொரு கூடை எரு கொண்டுவந்தார்கள். யார் எருவில் சத்து குறைவோ அவர் மற்றவருக்கு ஓர் ஆடு கொடுக்க வேண்டும் என்று பந்தயம். ஆலத்தூர்க்காரர் தன்னிடமிருந்த ஒரே ஆட்டைப் பிடித்துவந்து பலாமரத்தில் கட்டியிருந்தார். மச்சான் கொண்டுவரவில்லை, தோற்றால்தானே வேண்டும் என்றார்.

எருவைத் திராவகத்தில் வேகவைத்து, காரம் சேர்த்துக் காய்ச்சினால் மூக்கை அறுக்கும் ஆவி வரும். அதுதான் தழைச்சத்து. அந்த ஆவியை, அளந்து வைத்த வேறு திராவகத்துக்குள் விடுவோம். கடைசியில், சாயத்துளி விட்டதால் சிவப்பாக நிற்கும் அந்தத் திராவகம் மஞ்சளாகும்வரை அதிகாரி ஓர் அளவுக்குழாயிலிருந்து காரநீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்.

மச்சானின் குடுவைக்கு முக்கால் குழாய் பிடித்தது. ஆலத்தூர்க்காரருடையது கால் குழாயிலேயே மஞ்சளாகிவிட்டது. அதிகாரி கணக்குப் போட உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஏனுங்க மாமா, உங்க குப்பை அதுக்குள்ள படுத்துக்கிச்சுங்களா?" என்றார் மச்சான்.

"ஊட்டுல உங்கக்காகிட்ட என்னத்தச் சொல்றது?"

"நான் வந்து சொல்றனுங்க."

"வா சாமி, வா. ரெண்டு பேரும் பட்டினி கெடக்கலாம்."

மச்சான் கயிற்றை அவிழ்த்தார். குறைவாகப் பிடித்ததுதான் சத்துள்ள எரு என்று எனக்குத் தெரியும். ஆனால் புதியவர்களிடம் பேசுவதென்றால் எனக்கு வியர்த்துவிடும். ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"இவருக்குத் தொடைக்கறி வேணுமாட்ட இருக்குது," என்றார் மச்சான்.

"இல்லீங்க," என்றேன், ஆட்டைப் பார்த்து. "கம்மியாப் புடிச்சதுதானுங்க ஜெயிச்சது. திராவகம்கிறது சட்டிச் சோறுங்க. எருவோட ஆவி அதைத் தின்னுது. மிச்சத்தைக் காலி பண்ணத்தான் காரநீர். நெறையத் தின்னிருந்தா மிச்சத்துக்கு ஒரு நாய் போதுமுங்க. கம்மியாத் தின்னா மூணு நாய் வேணுமுங்க."

"மூணு நாய் எனக்குங்களா?" என்றார் மச்சான் மெதுவாக.

அதிகாரி காகிதத்தோடு வெளியே வந்தபோது முடிவைக் கேட்க ஆளில்லை. ஆலத்தூர்க்காரர், முடிவு மறுபடி மாறுவதற்குள், ஆட்டை இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். மச்சான், வீட்டிலிருக்கும் தன் ஆட்டை ஒளித்துவைக்க, மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்தார்.