சிக்கந்தர் பாய் ஊற்றிக் காட்டிய குளிர்

அய்யலூர்ச் சந்தையில் குலசாமி படையலுக்காக ஒரு கிடாயின் வாயைத் திறந்து பல் பார்த்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. சிக்கந்தர் பாயின் மகள் ரஹீமா பேசினாள். “மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க.” காலைத் தொழுகை முடித்து வந்து டீ கேட்டிருக்கிறார். டீ வருவதற்குள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். ஆட்டுக்காரர், “என்னப்பு, வெலையச் சொல்லுங்க” என்றார். பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு நான் நடந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

எங்கள் கடைக்கு ஒரு முறையாவது வந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரி நிலத்தை நம்பியிருந்த குடும்பத்தில் பிறந்தவன். மழையை நம்பினால் ஆகாது என்று திண்டுக்கல்லுக்கு வந்து, சைக்கிளில் பிரிண்டர் மை விற்று, பிறகு கம்ப்யூட்டர் கடை போட்டவன். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காக இருந்தவர். என் கடை ஃப்ரிட்ஜைச் சரிபார்க்க வந்த அன்று, மேஜையில் திறந்து கிடந்த கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்க் காட்டினார். “இது ஒரு சின்ன அடுப்பு மாப்ளே. அடுப்புக்கு மேல உக்காந்து கணக்குப் போடுது, பாவம்” என்றார். கம்ப்யூட்டருக்காகப் பாவப்பட்ட மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. அடுத்த மாதமே கடையில் பங்காளி ஆக்கிக்கொண்டேன். விற்பது என் வேலை, குளிர வைப்பது அவர் வேலை.

குளிர வைப்பதில் அந்த மனிதருக்கு இருந்தது ஒரு வெறி என்றே சொல்ல வேண்டும். ஃபேன் போதாது என்று தண்ணீரை ஓடவிட்டார். பிராசஸர் மேல் ஒரு சின்னச் செம்புக் கட்டி, அதிலிருந்து குழாய், குழாயின் முனையில் ரேடியேட்டர். சத்தமே இல்லாமல் ஓடியது. நான் உடனே கீரனூரில் ஒரு தென்னந்தோப்புக்காரருக்கு அதை விற்றுவிட்டேன். கொஞ்ச நாளில் அவர் பெட்டியோடு வந்து நின்றார். குழாய் முழுக்கப் பச்சைப் பாசி. செம்புக் கட்டிக்குள் சுண்ணாம்பு பூத்து அடைத்திருந்தது. “என்னங்க ஊத்துனீங்க?” என்றார் பாய். “தண்ணி கொறைஞ்சுதுங்க. நம்ம போர் தண்ணிதானுங்க, தேனாட்டம் இருக்கும்” என்றார் அவர் பெருமையாக. பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரைத்தான் அதற்கு ஊற்ற வேண்டும். சொல்லித்தான் அனுப்பியிருந்தோம். ஆனால் வீட்டில் இருக்கும் ஜீவனுக்கு நல்ல தண்ணீர் கொடுக்கத்தானே மனசு வரும். பாய் அவரைக் கோபிக்கவில்லை. “அவரு மேல தப்பு இல்ல மாப்ளே. தாகத்துக்கு ஊத்திருக்காரு” என்றார்.

அடுத்து எண்ணெய். மீன் தொட்டி ஒன்றை வாங்கி, மின்சாரம் கடத்தாத வெள்ளை எண்ணெயை நிரப்பி, மதர்போர்டை அப்படியே உள்ளே முக்கிவிட்டார். அவர் வீட்டுக் கூடத்தில் அதைப் பார்த்தபோது என் கால் ஒரு அடி பின்னால் போனது. எண்ணெய்க்குள் விளக்கு எரிய, மேலே திரையில் படம் ஓடுகிறது. அவர் மனைவி கதீஜா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “அண்ணே, அதுல வடை போட்டா வேகுமான்னு கேளுங்க. வெஞ்சனத்துக்கு ஒண்ணும் இல்ல இன்னைக்கு” என்றார். பாய் சிரித்தார். ஆனால் அந்த எண்ணெய் ஒயர் வழியாகவே மெல்ல ஏறி, தொட்டிக்கு வெளியே வந்து, மேஜை விரிப்பை நனைத்து, கடைசியில் கீபோர்டு வரை வந்து சேர்ந்தது. ஒரு சின்னப் பாகத்தை மாற்ற முழங்கை வரை எண்ணெயில் விட வேண்டியிருந்தது. “நல்லாத்தான் குளிருது. ஆனா குடும்பம் நடத்த முடியல” என்று அவரே தொட்டியைக் காலி செய்தார். ரஹீமா அதில் மீன் வளர்த்தாள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாவது கடையைத் திறந்தபோது கூட்டம் கூட்ட எனக்கு ஏதாவது ஒன்று தேவைப்பட்டது. பாயிடம் கேட்டேன். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் நண்பர் ஒருவர் அவருக்கு உண்டு. காளை விந்து அடைத்த ஊசிக் குச்சிகளைக் கெடாமல் வைத்திருக்க அவர்கள் கேனில் திரவ நைட்ரஜன் வைத்திருப்பார்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஊற்றிக் காட்டுகிறேன் என்றார் பாய். பிராசஸர் மேல் உட்கார வைக்க, லேத் பட்டறையில் சொல்லி ஒரு கனத்த செம்புக் குவளையைக் கடைந்து வாங்கினார். ஈரம் இறங்காமல் இருக்க மதர்போர்டு முழுக்க வாசலின் தடவினார். குவளையைச் சுற்றிப் பஞ்சை அடைத்தார். ஷட்டர் இரண்டையும் முழுக்கத் தூக்கிவிடச் சொன்னார். “இந்தப் புகை வெஷம் இல்ல. ஆனா அடைச்ச ரூமுல மூச்சுக் காத்த வெரட்டிரும்” என்று எல்லாரையும் தள்ளி நிற்க வைத்தார்.

சித்திரை மாத நடுப்பகல். வெளியே ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டுகிறது. பக்கத்துப் பிரியாணிக் கடை மாஸ்டர் எட்டிப் பார்த்து, “பாய், இது மாட்டு ஊசிக் கேனுல்ல? கம்ப்யூட்டரு கன்னு போடுமா?” என்றார். “போட்டா சீம்பாலு ஒனக்குத்தான், சட்டியோட வந்துரு” என்றார் பாய், தலை நிமிராமல். தோல் கையுறையோடு கேனைச் சாய்த்தார். குவளை சீறியது. வெள்ளைப் புகை மேஜையை மூடி, தரையில் இறங்கி, எங்கள் காலைச் சுற்றி வாசல் வரை போனது. செம்பின் மேல் உறைபனி பூத்தது. திண்டுக்கல்லில், சித்திரையில், என் கண்ணெதிரே பனி. குளிரக் குளிர அவர் கூட்டிவிட, திரையில் வேகத்தைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. பெட்டியில் எழுதியிருந்ததைத் தாண்டியும் ஏறியது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் எக்கி எக்கித் திரையைப் பார்த்தது. நான் கணக்குப் பார்க்கிறவன். எதைப் பார்த்தாலும் இதில் என்ன லாபம் நிற்கும் என்றுதான் முதலில் தோன்றும். அந்தச் சில நிமிடம் எனக்கு அது தோன்றவில்லை.

பிறகு தோன்றியது. “வேணுங்கிறவுக சொல்லுங்க, வீட்டுக்கே வந்து மாட்டித் தருவோம்” என்று குரல் கொடுத்தேன். பாய் ஊற்றிக்கொண்டே கேட்டார்: “மாட்டலாம் மாப்ளே. வீட்டுல யாரு நின்னு ஊத்துறது?”

கூட்டம் சிரித்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் கல்லாவுக்குப் போய்த் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. திறப்பு விழாவை வீடியோ எடுக்க வந்த செல்வி. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருகிற பெண். கேமராவை மடக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். “ஏனுங்ணா, எனக்கு இது வேணுமுங்க. வெயில் வந்துட்டா என் சிஸ்டம் பாதியில நின்னுபோகுதுங்க. இப்ப ஒரு கல்யாணம், தாலி கட்டற எடத்துக்கு வந்தா நிக்குது. தினமும் அதே எடமுங்க. இந்த வீடியோவையும் நேரத்துக்குக் குடுக்கலைன்னா எனக்கு இனி ஒருத்தரும் வேலை குடுக்க மாட்டாங்க” என்றார். கழுத்துச் செயினை வைத்தாவது வாங்குவதாகச் சொன்னார். நான் சரி என்றே சொல்லிவிட்டேன். பின்னால் வந்து நின்ற பாய், “மொதல்ல ஒன் வீட்டப் பாக்கணும்மா” என்றார்.

மறுநாள் போனோம். தகர சீட்டுப் போட்ட அறை. மேஜைக்குக் கீழே, கதவு போட்ட அடுக்குக்குள், சுவரோடு ஒட்டி கம்ப்யூட்டர். வாங்கிய அன்று முகப்பில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. அதற்கு மேல் பழைய பட்டுச் சேலையில் அளவெடுத்துத் தைத்த உறை. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் உறையின் மேல் காய்ந்திருந்தன. சோறு போடும் பொருளை நம் ஊரில் எல்லாரும் இப்படித்தான் வைத்துக்கொள்கிறோம். பாய் உறையைக் கழற்றி, பக்குவமாக மடித்து, செல்வியின் மாமியார் கையில் கொடுத்தார். “பொட்டு வச்சுக்கங்க ஆத்தா, வேணாங்கல. மூக்க மட்டும் பொத்தாதீங்க.”

பிறகு பெட்டியைக் கூடத்துக்குத் தூக்கி வந்து, வடக்கு ஜன்னலோரம், சுவரிலிருந்து தள்ளி வைத்தார். உள்ளே தூசி மெத்தை போலப் படிந்திருந்தது, பிரஷ்ஷால் எடுத்தார். சூட்டைக் கடத்த பிராசஸர் மேல் பூசியிருந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினார். முன்பக்கம் காற்றை இழுக்க ஒரு ஃபேன், பின்பக்கம் வெளியே தள்ள ஒரு ஃபேன். கடைசியாக செட்டிங்ஸுக்குள் போய் பிராசஸரின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். முந்தின நாள் அதே வேகத்தை அண்ணாந்து பார்க்க வைத்த மனிதர். “கொஞ்சந்தாம்மா மெதுவாப் போகும். சூடு பாதியாக் கொறைஞ்சுரும். ஓட விடு” என்றார்.

உச்சி வெயிலில்தான் ஓடவிட்டோம். நாங்கள் நான்கு பேரும் திரையையே பார்த்தோம். மாப்பிள்ளை அழைப்பு போனது. முகூர்த்தப் பட்டு போனது. மணவறை வந்தது. செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது, “கட்டிட்டாங்களா, கட்டிட்டாங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாய் பெட்டியின் பின்னால் புறங்கையை நீட்டியபடி நின்றார். தாலி ஏறியது. நிற்கவில்லை. பந்தி வரை போய்விட்டது. “கட்டியாச்சு ஆத்தா. சாப்புடப் போறாக” என்றார் பாய்.

திரும்பி வரும்போது வண்டியில் முனகினேன். ரெண்டு ஃபேனும் ஒரு பேஸ்ட் ட்யூபும் விற்றதில் பெட்ரோலுக்குக்கூடக் கட்டாது என்றேன். அவர் என் தோளைத் தட்டி, “நேத்து ஊத்துனேன்ல, அது எனக்கு மாப்ளே. இது அவுகளுக்கு. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காத” என்றார். வியாபாரத்தில் இதைவிடப் பெரிய பேச்சு ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை. ஒரு பொருளால் எதுவரை போக முடியும் என்று அந்தக் கோடி வரை போய்ப் பார்த்துவிட்டு, அங்கிருந்து திரும்பி நடந்து வந்து, ஒரு வீட்டு ஜன்னலோரத்தில் இரண்டு ஃபேனை மாட்டிய மனிதர் அவர். போகாமலே சொல்கிறவர்கள் உண்டு. போய்விட்டுத் திரும்பாதவர்களும் உண்டு.

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து அவர் வீட்டுக்குத் திரும்பியபோது செல்வி வாசலில் நின்றிருந்தார். பஸ் பிடித்து வந்திருக்கிறார். என் கையில் ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். திறப்பு விழா வீடியோவின் முழுப் பதிவு. எனக்கு முன்பு கொடுத்தது வெட்டிச் சுருக்கியது. அதில் என் முகமும் ரிப்பனும் குத்துவிளக்கும்தான் இருந்தன. “புகையில பாய் அண்ணன் மொகம் தெரியலைன்னு அந்த எடத்த எல்லாம் அப்ப எடுத்துட்டனுங்க” என்றார்.

ரஹீமாவோடும் கதீஜாவோடும் உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான். ஊற்றுகிற நேரம் முழுக்கப் புகைதான் இருக்கிறது. ஒரு கையுறை, கேனின் வாய், செம்பில் பூத்த பனி, நான் கூவி விற்கும் குரல், அவர் கேள்வி, கூட்டத்தின் சிரிப்பு. அதற்குப் பிறகு நடந்ததை நான் அன்று பார்க்கவில்லை. கல்லாவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்வியின் கேமரா பார்த்திருக்கிறது. கேன் தீர்கிறது. பாய் ஸ்விட்சை அணைக்கிறார். பனி உருகி, மதர்போர்டு முழுக்க வேர்த்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்குகிறது. புகை மெல்ல விலக, உள்ளே அவர் முகம் தெரிகிறது. வேர்த்துப்போய், பண்டம் கிடைத்த பிள்ளையைப் போல இருக்கிறது. தோளில் கிடந்த துண்டால் போர்டை ஒற்றி எடுத்துக்கொண்டே கேமராவைப் பார்த்துச் சொல்கிறார்: “அம்புட்டுத்தாம்மா. இனி ஃபேனப் போடு, புழுங்குது.”

அந்தச் செம்புக் குவளை இப்போது என் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இது என்ன, விலைக்கா என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறேன். புதுச் சரக்கோடு யார் வந்து எவ்வளவு பெரிதாகப் பேசினாலும், குவளையை ஒரு முறை பார்த்துவிட்டு, வீட்டில் யார் நின்று ஊற்றுவது என்று கேட்டுவிடுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தக் கேள்வி. அதோடு, புகை விலகியதும் தெரிந்த அந்த முகம்.